ரோட்டுப் பக்கத்து வீடு

எழுபதுகளின் நடுவில், சிட்னியில், ஹோம்புஷில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிக்கட்டடம் பரமட்டா ரோட்டை ஒட்டியிருந்தது. லொறிகள் எங்கள் யன்னலுக்கு நேர் கீழே சிக்னலில் நின்று உறுமும். ரோட்டுப் பக்கத்து வீடுகளில் ஒரு கிரேக்கக் குடும்பம், ஒரு லெபனான் குடும்பம், நாங்கள். பின்பக்கம், புல்லும் மரமும் உள்ள இடத்தில், முழுக்க வெள்ளைக்காரர். எங்களுக்கு வீடு கிடைத்ததே பெரிய காரியம்.

வந்த மாதமே பின்வீட்டுக்காரி எங்கள் கறி மணக்கிறது என்று முறையிட்டாள். வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்ட் வந்து, படிக்கட்டுப் பக்கக் கதவை இறுக்கிச் சாத்தி, ரோட்டுப் பக்க யன்னலைத் திறந்துவைத்துச் சமைக்கச் சொன்னான். எங்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சமைக்காத நேரத்திலும் யன்னலைத் திறந்தே வைத்தோம். காலையில் துடைத்த மேசையில் மத்தியானத்துக்குள் கரி படிந்துவிடும்.

அந்தக் குளிர்காலம் எங்கள் நாலு வயது மகளுக்கு இழுப்பு தொடங்கியது. மூச்சுக்குத் தவிக்கும்போது தொண்டைக்குழி உள்ளே போகும். டாக்டர் சோதித்துவிட்டு, "வீட்டில் மிளகாய் வறுக்கிறீர்களா?" என்று கேட்டார்.

வறுப்பதை விட்டேன். தாளிப்பதை விட்டேன். சாம்பிராணியையும் நிறுத்தினேன். அவித்த மரக்கறி தின்று என் கணவருக்கு நாக்குச் செத்துப்போனது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் லெபனான்காரி என்னைப் படியில் மறித்தாள். அவளுடைய மகனுக்கும் இதே இழுப்பாம், கிரேக்க வீட்டுப் பிள்ளைக்கும்தானாம். கணவர் வேலையால் வந்ததும் வராததுமாகக் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ, அதுகள் மிளகாயைக் கண்ணிலயும் காணாத சனமெல்லோ! இது அந்த நாசமாய்ப்போன லொறிப் புகை!"

யன்னலைப் படாரென்று சாத்தினேன். இடுக்குகளால் புகை வந்துகொண்டுதான் இருந்தது.

"பின்பக்கம் ஒரு வீடு காலியாகுதாம். கேட்டுப் பாப்பம், நீரும் வாரும்" என்றார் அவர்.

மகளையும் தூக்கிக்கொண்டு ஏஜென்டிடம் போனோம். அவள் என் மடியில் இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டை ஓர் இளம் வெள்ளைக்காரச் சோடிக்குக் கொடுத்தாயிற்று என்று அவன் கனிவாகவே சொன்னான்.

"அவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. ரோட்டுப் பக்கம் கொடுக்கலாமா? அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது."

கணவர் 'தாங்க்யூ' என்று சொல்லி எழும்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப இது என்ன, பிள்ளையில்லையோ?" என்று தமிழிலேயே கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.