பதினோரு மணிக்குள் இரண்டு திரைகள்

அன்று காலையில் வீட்டில் இருந்தது நாலே பேர். நான், என் வீட்டுக்காரர், மகள், செக்காலைக் கடைத்தெருவிலிருந்து மகளுக்காக இரண்டு மானிட்டர்களை வண்டியில் கட்டிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர்.

பதினோரு மணிக்கு மகளுக்கு வேலைக்கான பரீட்சை. வீட்டிலிருந்தே செய்கிற வேலைதான். கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு திரையில் பில்லைப் படித்து இன்னொன்றில் கணக்கை ஏற்ற வேண்டும். அரை மணியில் நாற்பது பில். அது தவறினால் அவள் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கித்தான் வேலை தேட வேண்டும். அதை நினைத்தே எனக்குப் பத்து நாளாய்த் தூக்கமில்லை.

எட்டாவதோடு நின்றவள் நான். அந்த வயர்களில் எது எங்கே போகிறதென்றே எனக்குப் புரியவில்லை. கடைக்காரர் ஒரு மானிட்டரை நேராக லேப்டாப்பில் செருகினார். இன்னொன்றுக்கு ஓட்டை பொருந்தவில்லை. சின்னதாக ஒரு கன்வெர்ட்டர் போட்டுச் செருகினார். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் அம்பு இடப்பக்கத் திரைக்குப் போனது. அதையும் உள்ளே ஏதோ மாற்றிச் சரிசெய்தார். ஷாக் அடிக்குமா, கரண்ட் போனால் என்ன ஆகும், பல்லி உள்ளே போய்விடுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஒங்கம்மா பயப்படுற பயத்துக்கு அது தானாவே நின்னுரும்" என்றார் வீட்டுக்காரர் மகளிடம்.

கடைக்காரர் கிளம்பினார். மகள் தலைவாரப் போனாள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம்தான் இருந்தது. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் எப்படி விடுவது? திரையில் கை படக்கூடாது என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். அதனால் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, மானிட்டர்களின் முதுகிலும் மவுஸின் அடியிலும் சந்தனம் குங்குமம் வைத்தேன்.

பத்து ஐம்பதுக்கு மகள் உட்கார்ந்தாள். அம்பு அசையவில்லை. வயரைப் பிடுங்கிச் செருகினாள், அணைத்துப் போட்டாள். நான் தொட்டதில்தான் ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்தேன். லேப்டாப்பிலேயே விரலால் தேய்த்து ஓட்டலாமாம். அந்த வேகத்தில் நாற்பது பில் முடியாது என்றாள். வீட்டுக்காரர் கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பதறாதீக. மவுஸத் திருப்பிப் பாருங்க, அடியில செவப்பு லைட்டு எரியுதா?"

மகள் திருப்பினாள். லைட் வருகிற ஓட்டையை என் பொட்டு அடைத்திருந்தது.

"ஏம்மா, இதுக்குமா பொட்டு?"

முந்தானையால் துடைக்கப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் அவளே நோண்டினாள். குழிக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தபோதும் மவுஸ் அவள் கையில் மல்லாந்தே கிடந்தது. கடைசி நொடியில் அதைக் கவிழ்த்து வைத்து அழைப்பை எடுத்தாள். அம்பு ஒரு திரையிலிருந்து மற்றதற்குத் தாண்டியதை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

முப்பத்தொன்பது முடித்தாள். அந்த ஒன்று என்னால் போனது என்று நாலு நாள் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் வேலைக்கு எடுத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. ஊரிலேயே இருக்கிறாள். மானிட்டர்களுக்குச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டுகிறாள். போன மாதம் கட்டியது போக, கடைக்காரருக்கு இன்னும் ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.