ஆறாவது குழிக்குக் கீழே இருந்த கல்

எங்கள் கோல்ஃப் மைதானத்தில் புல் கிடையாது. அரியலூரிலிருந்து செந்துறை போகிற பக்கம், சிமெண்ட் ஆலையின் குடியிருப்பில் தொடங்கி சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் வேலி வரை போகும் வெளிறிய செம்மண் தரிசு அது. அதில் ஒன்பது குழிகள், ஒன்பது சிவப்புக் கொடிகள். மற்ற ஊர்களில் குழியைச் சுற்றிப் பச்சைப் புல்வட்டம் இருக்குமாம். எங்கள் வட்டங்கள் பழுப்பு நிறம். சுரங்க லாரிகளில் வடித்த கழிவு எண்ணெயை மணலில் கலந்து பரப்பி, சாக்கை இழுத்துச் சமன் செய்வார்கள். அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர். பந்தை முதலில் அடிக்கும் இடத்தில், ஆலையில் கழித்த கன்வேயர் பெல்ட்டின் துண்டு ஒன்றைப் பதித்திருந்தார்கள்.

நான் திருச்சியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் ஆலையின் மக்கள் தொடர்பு வேலைக்கு வந்தவன். கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. எழுதத் தெரிந்தவன் என்பதால் கிளப்பின் கௌரவச் செயலாளர் பொறுப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

கிளப் எதற்காக இருந்தது என்பது அந்த வேலையில்தான் புரிந்தது. நேர்காணலுக்கு வரும் இன்ஜினியர்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். கூட வந்த மனைவிகள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். பார்த்ததும் பாதிப் பேர் வேலையை வேண்டாம் என்றுவிடுவார்கள். அவர்களுக்காக நான் ஒரு வழவழப்பான கையேடு தயாரித்தேன். நீச்சல் குளம், நூலகம், டென்னிஸ், ஞாயிற்றுக்கிழமை சினிமா, ஒன்பது குழி கோல்ஃப். எதுவும் பொய்யில்லை. கோடையில் குளத்துக்குத் தண்ணீர் வராது என்பதை மட்டும் எழுதவில்லை. கையேட்டில் சிக்கல் கொடுத்தது முகவரிதான். முதலில் பெரம்பலூர் மாவட்டம் என்று அச்சடித்தோம். அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், மாற்றி அச்சடித்தோம். அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். மீதியிருந்த கையேடுகளில் சீட்டு ஒட்டினோம். ஆலை இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

அந்தக் கையேட்டை நம்பி வந்தவர்களில் ஒருவர் சூளைப் பிரிவின் இளம் இன்ஜினியர். அவர் மனைவி கடலோர நகரம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். வந்த முதல் வாரம் கிளப் வராந்தாவில், “சாயங்காலமானா பீச்சுக்குப் போயே பழக்கம். இங்க எங்க போறது?” என்று பொதுவாகக் கேட்டார்.

பக்கத்தில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த மைன்ஸ் மேனேஜர் நிமிராமலேயே சொன்னார்: “இதுவே பீச்தாம்மா. கடல் கொஞ்சம் முன்னாடியே கெளம்பிப் போயிடுச்சு. நீங்க லேட்டு.”

அவர் சொன்னது உண்மை. சுரங்கத்தில் கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி இருக்கும், சுருள் சுருளாக நத்தை இருக்கும். மழை பெய்த மறுநாள் மைதானத்திலேயே கல்லாய்ப்போன கிளிஞ்சல்கள் மேலே வந்து கிடக்கும். பிரவுனில் பந்தின் பாதையில் கிளிஞ்சல் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டு அடிக்கலாம் என்று எங்கள் கிளப்பில் தனி விதியே உண்டு.

மைன்ஸ் மேனேஜர் ஆண்டிமடத்துக்காரர். முந்திரித் தோப்புக் குடும்பம். நாற்பது வயதுக்கு மேல், இந்த மைதானத்தில், தானாகவே கோல்ஃப் கற்றுக்கொண்டார். அவர் இல்லாமல் ஆட்டம் தொடங்கவும் முடியாது. சுரங்கத்தில் மாலையில்தான் வெடி வைப்பார்கள். முதல் சங்கு ஊதியதும் மைதானத்தில் யாரும் இருக்கக் கூடாது. மட்டைப் பைகளோடு எல்லோரும் வராந்தாவில் காத்திருப்பார்கள். வெடிச் சத்தம் வரும், டீ கிளாஸ்கள் நடுங்கும், பிறகு அபாயம் நீங்கியது என்று நீளமாக ஒரு சங்கு. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்து, ஜீப்பிலிருந்து ஹெல்மெட்டோடு அவர் இறங்குவார். ஹெல்மெட்டைக் கழற்றித் தொப்பி போட்டுக்கொண்டால் ஆட்டம் ஆரம்பம்.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அது கிளப் முழுக்கத் தெரியும். ஆறாவது குழிக்குள் பந்தை நான்கே முறை அடித்துப் போட வேண்டும் என்பது கணக்கு. மற்ற எட்டுக் குழிகளையும் அதனதன் கணக்கில் ஒருமுறையாவது முடித்திருந்தார். ஆறாவது மட்டும் அமையவில்லை. ஐந்து ஆகும், ஆறு ஆகும். அந்தப் பகுதி சுரங்க வேலியை நோக்கிச் சரிவு. மண் ஒரு முழம்கூட இல்லை, கீழே நேராகக் கல். பந்து விழுந்ததும் தெறித்து வேலி தாண்டிச் சுரங்கத்துக்குள் போய்விடும். மறுநாள் அவருடைய ஆட்களே அதைப் பொறுக்கி அவர் மேஜையில் வைப்பார்கள்.

“சார், ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?” என்று இளம் இன்ஜினியர் சீண்டுவார்.

“மார்ச் வரைக்கும் டைம் இருக்குய்யா. நீ உன் சூளைய அணையாம பாத்துக்க.”

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிளப் உறுப்பினர் உரிமையும் அதோடு முடிந்துவிடும். ஆகவே மார்ச் என்பது அவருக்குக் கடைசிக் கெடு.

அந்த வருஷம் ஆடியிலேயே சுரங்கத்தில் கல்லின் தரம் இறங்கியது. களிமண்ணும் மணலும் கலந்து வந்தன. சூளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. திங்கள்கிழமைக் கூட்டத்தில் குறிப்பெடுப்பது என் வேலை. புதிதாக வந்திருந்த ஜெனரல் மேனேஜர், கோல்ஃப் ஆடாதவர், சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்துக் கேட்டார்: “அடுத்தது எந்தப் பக்கம் போகலாம்?”

வடக்கே போகலாம். அங்கே சோளக்காடுகளை வாங்கும் பேச்சு இன்னும் முடியவில்லை. ஒரு வருஷமாவது ஆகும். வெளியிலிருந்து கல் வாங்கியும் ஒப்பேற்றலாம். மூன்றாவது வழி கிழக்கு. வரைபடத்தில் கிழக்கே கோல்ஃப் மைதானத்தின் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பதாம் குழிகள். அங்கே கல் எப்படி என்று தெரிந்தவர் அந்த அறையில் ஒருவர்தான். துளை போட்டுப் பார்த்த மைன்ஸ் மேனேஜர்.

அதற்கு முந்திய வாரம் கிளப்பில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். “தரம் இன்னும் உறுதியாகலன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். மார்ச் வரைக்கும் தள்ளிப்போடுங்க. அப்புறம் வர்றவர் பாத்துக்கட்டும்.” அவர் மட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் அவர் தண்ணீர் குடித்தார். பிறகு, “கிழக்கதான் சார் நல்ல கல்லு. ஆறாவது குழிக்குக் கீழ இருக்கிறது முதல் தரம். அங்கேருந்தே ஆரம்பிக்கலாம்,” என்றார்.

ஜெனரல் மேனேஜருக்குக் குழி எண் புரியவில்லை. மைன்ஸ் மேனேஜர் எழுந்துபோய் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: வேலையை அடுத்த திங்கள்கிழமைதான் தொடங்க வேண்டும், அதற்கு முந்திய ஞாயிறு முழு ஒன்பது குழியும் ஆடிவிட வேண்டும். கொடுத்தார்கள்.

சனிக்கிழமை காலை, ஆலைப் பத்திரிகைக்குப் படம் எடுக்கலாம் என்று கேமராவோடு மைதானத்துக்குப் போனேன். தூரத்திலிருந்தே கம்ப்ரஸர் சத்தம் கேட்டது. ஆறாவது பிரவுன்மேல் துளை போடும் ரிக் நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் வெள்ளைத் தூள். கொடியைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். நாமக்கல் பக்கத்து ஒப்பந்தக்காரரின் வண்டி அது. இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. நான் போன் செய்ததும் மைன்ஸ் மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“யாருய்யா இங்க போடச் சொன்னது?”

ரிக் ஓட்டுபவர் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். “நீங்கதானுங்க சார் மார்க் பண்ணி வச்சிருக்கீங்க.”

“நானா?”

“கொடி நட்டிருந்துச்சுங்களே. கொடி இருக்கிற எடத்துல போடுன்னுதான் எங்க முதலாளி சொன்னாருங்க. அளவெடுத்துச் சின்னதா துளைகூடப் போட்டு வச்சிருந்தீங்க. எங்க பிட்டு அதுல அப்படியே எறங்கிடுச்சுங்க சார். இவ்வளவு நேர்த்தியா மார்க் பண்ண சைட்டு நான் பாத்ததில்லீங்க.”

சுரங்கத்தில் வெடி வைக்கத் துளை போடும் இடங்களைக் குறிக்கச் சிவப்புத் துணி கட்டிய குச்சி நடுவது வழக்கம். கோல்ஃப் குழியின் வாய்க்கும் வெடித் துளையின் வாய்க்கும் அளவில் வித்தியாசம் மிகக் குறைவு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேனேஜர் குனிந்து உள்ளே பார்த்தார். இருட்டாக இருந்தது. ஒரு கிளிஞ்சலை எடுத்துப் போட்டார். அது இடித்து இடித்துக் கீழே போகும் சத்தம் கேட்டது.

எனக்கு அவர் கோபப்படுவார் என்று தோன்றியது. “நேரா போட்டிருக்கீங்க,” என்றார். “இதோட நிறுத்துங்க. மத்தது திங்கக்கெழமை. வாய்க்குள்ள எதுவும் விழாம ஒரு சாக்கு மூடி வைங்க.” பிறகு ரிக் ஓட்டுபவரை ஜீப்பில் ஏற்றி, கேண்டீனுக்குச் சாப்பிட அழைத்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வெடி இல்லை, சங்கு இல்லை. குடியிருப்பில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். முதல் ஐந்து குழிகள் வழக்கம்போல் நடந்தன. ஆறாவதில், கன்வேயர் பெல்ட் துண்டின்மேல் பந்தை வைத்து மைன்ஸ் மேனேஜர் அடித்தார். பந்து நேராகப் போய், தெறிக்காமல் விழுந்தது. இரண்டாவது அடியில் சரிவின் மேல்பக்கம் நின்றது. மூன்றாவது அடியில் பந்து பிரவுனுக்கு வந்துவிட்டது.

சாக்கை எடுத்தார்கள். வெள்ளைத் தூளை ஒதுக்கி, மணலை இழுத்துச் சமன் செய்தார்கள். குழிக்கும் பந்துக்கும் ஒரு ஆள் நீளம் இருந்தது. அவர் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார். ஒரு கிளிஞ்சலை எடுத்துத் தள்ளிப் போட்டார். அடித்தார்.

பந்து மெதுவாக உருண்டது. வாயருகில் போய் நிற்பதுபோல் இருந்தது, நிற்கவில்லை. உள்ளே விழுந்தது. டக், டக், டக் என்று சுவரில் மோதிக்கொண்டே போய், ஆழத்தில் எங்கோ ஓய்ந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். இளம் இன்ஜினியர் தொப்பியை மேலே வீசினார். “நாலு! சார், நாலு! முடிச்சிட்டீங்க!”

மேனேஜர் குழியருகே உட்கார்ந்து விரலால் அதன் விளிம்பைத் தடவினார். ரிக் துளைத்தபோது ஒரு பக்கம் கல் சிதறி, வாய் சரிவாக அகன்றிருந்தது. அவர் மட்டையின் பிடியை அதன் குறுக்கே வைத்துப் பார்த்தார்.

“இல்லப்பா,” என்றார். “வாய் பெரிசாயிருக்கு. பழைய குழியா இருந்தா பந்து ஓரத்துலயே நின்னிருக்கும். ஐஞ்சுன்னு வச்சுக்க.”

“சார், யார் சார் அளந்து பாக்கப் போறா?”

“நான்தான் பாத்துட்டேனே.”

இன்ஜினியரின் மனைவி, “அங்கிள், கடைசி நாள். நாலுன்னே இருக்கட்டுமே,” என்றார்.

“கடைசி நாளுக்காக கல்லு மாறுமாம்மா?” என்று சிரித்தார். ஏழாவதுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். கிளப் செயலாளர் என்ற முறையில், அவர் சொன்ன ஐந்தைத்தான் ஏற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை மாலை வழக்கம்போல வராந்தாவில் காத்திருந்தோம். பகலெல்லாம் கிழக்கே ரிக் ஓடியிருந்தது. முதல் சங்கு ஊதியது. வெடி இதற்கு முன் இவ்வளவு அருகில் வைத்ததில்லை. நூலகத்தின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஆறாவது கொடி இருந்த இடத்தில் தூசி எழுந்து, காற்றில்லாததால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நீளச் சங்கு.

அவர் ஜீப்பிலிருந்து இறங்கினார். சட்டையெல்லாம் வெள்ளை. ஹெல்மெட்டைக் கழற்றி, தொப்பியைப் போட்டார்.

“சார், உங்க பந்து இந்நேரம் கிரஷருக்குப் போயிருக்கும்,” என்றார் இளம் இன்ஜினியர்.

“அப்புறம் உன் சூளைக்குத்தானே வரும். பந்தப் பத்திக் கவலையில்ல. கல்லு எப்படின்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

மீதி ஐந்து குழிகளில் நான்கை இரண்டுமுறை ஆடினால் ஒன்பது கணக்கு வரும். அன்றிலிருந்து அப்படித்தான் ஆடினார்கள். மார்ச் மாதம் அவர் ஆண்டிமடத்துக்குப் போகும்வரை அவரும் ஆடினார். ஆறாவதில் வெடி வைத்த அந்த வாரக் கடைசியில், முதல் குழியருகே, இன்ஜினியர் அவரிடம் சொன்னார்: “சார், கல்லு ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“தெரியும்,” என்றார் அவர். பந்தை பெல்ட் துண்டின்மேல் வைத்தார்.