ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடி

ஊரில் உள்ள ஜன்னலையெல்லாம் துடைத்துக் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். என் சொந்த வீட்டு ஜன்னலைப் பார்த்தால் சிரிப்பீர்கள். தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவில், அடுப்புக்கு நேர் எதிரே ஒரே ஒரு கண்ணாடி. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பலகைக் கதவுதான் இருக்கும். டவுனில் ஒரு பங்களாவில் பழைய ஜன்னல்களைக் கழற்றி எறிந்தபோது, அதில் ஒன்றைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து நானே பொருத்தினேன். பொருத்திய நாளிலிருந்து வெளிப்பக்கத்தை மட்டும்தான் துடைக்கிறேன். உள்பக்கம் என் மனைவியின் ராஜ்ஜியம்.

அவள் கொழும்பில் ஒரு கார்மென்ட் ஃபாக்டரியில் வேலை செய்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு போனாள். தோட்டத்தில் கிடைத்த துண்டு நிலத்தில் வீட்டுக்கு அத்திவாரம் போட்டு வைத்திருக்கிறோம். சுவர் எழும்பும்வரை போகிறேன் என்றாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை பொழுது சாய வந்து இறங்குவாள். ஞாயிறு பின்னேரம் திரும்பப் பஸ் ஏறிவிடுவாள். நடுவில் மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. எங்கள் குடித்தனம் அவ்வளவுதான்.

அந்தக் காலையில் அவள் செய்யும் முதல் வேலை, எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைப்பது. எங்கள் குளிரில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும். உருகியதும் உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்த்துக்கொண்டு அடுப்படியில் உட்காருவாள். அடுப்பில் டீத் தண்ணிக் கேத்தல் கொதிக்கும். கண்ணாடியில் ஆவி படியும். எண்ணெய் விரலாலேயே அதில் ஒரு முகம் வரைவாள். முகம் கொஞ்சம், மீசை நிறைய.

"யாரு இந்த ஆளு?" என்று கேட்பேன்.

"எங்க தோட்டத்துல ஒரு கோவக்காரரு இருக்காரு. அவரு."

அவள் போன பிறகு கண்ணாடி காய்ந்துவிடும், ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை விடிய நான் கேத்தலை வைத்ததும் மீசைக்காரன் மெதுவாக எழுந்து வருவான். எண்ணெய் பட்ட இடத்தில் ஆவி மற்ற இடம் மாதிரி படியாது, அதுதான் விஷயம். அவன் முறைத்துக்கொண்டிருப்பான், நான் பிளேன்டீ குடிப்பேன். தனியாக இருக்கும் வாரங்களில் அவனோடு நாலு வார்த்தை பேசியும் இருக்கிறேன். யார் என்ன நினைத்தால் எனக்கென்ன.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், சனி ஞாயிறு வேலைக்குப் போவதில்லை என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கண்ணாடிதான். வெளியே யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னால் மானம் போய்விடும்.

என் வாடிக்கைக்காரர்கள் முக்கால்வாசி கொழும்பு ஆட்கள். நுவரெலியாவில் அவர்களுக்கு லீவு வீடுகள் இருக்கின்றன. கிழமை நாட்களில் அவை பூட்டிக் கிடக்கும். வாட்சர் சாவி போட்டுத் திறந்துவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும். கட்டில்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். கடிகாரம் ஏதோ ஒரு நேரத்தில் நின்றுபோயிருக்கும். என் காலடிச் சத்தம் எனக்கே யாரோ வருவதுபோல் கேட்கும். வெளியே பனி புல்வெளியைத் தாண்டி வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும். நான் துடைப்பது கண்ணாடியையா பனியையா என்று எனக்கே சந்தேகம் வரும். துடைத்துக்கொண்டே இருக்கும்போது முதலில் ஒரு சைப்ரஸ் மரம் வரும், பிறகு வேலி, பிறகு தேயிலைச் சரிவு, கடைசியில் மலை. நான் துடைத்துத்தான் மலை வந்தது என்று நினைத்துக்கொள்வேன். அந்த மாதிரி நேரத்தில் நேரம் போவதே தெரியாது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

இதே தொழில் செய்கிற ஒருத்தன் ஒருநாள் டீக்கடையில் எனக்குப் புத்தி சொன்னான். "அண்ணே, சனி ஞாயிறுதான் ஆளுங்க வீட்ல இருப்பாங்க. நம்ம வேலைய அவங்க கண்ணால பார்த்தாத்தானே நாலு பேருக்குச் சொல்லுவாங்க?"

"அவங்க சோறு திங்கிறத நான் ஏணியில நின்னு பார்த்துக்கிட்டு இருக்கவா?" என்று எரிந்து விழுந்தேன். அதுவும் உண்மைதான். மற்ற உண்மையை அவனிடம் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு மேடம் போன் பண்ணினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, கொழும்பில் இருக்கிறவர், வயதானவர். மலையைப் பார்த்த மாதிரி ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த வீடு அவருடையது. அந்த ரோட்டில் எனக்குக் கிடைத்த வீடுகளெல்லாம் அவர் சொல்லிக் கிடைத்தவை.

"தம்பி, புதன்கிழமை துடைச்சனீங்கள் எண்டு வாட்சர் சொல்லுறார். நாங்கள் வந்து ஹீட்டரைப் போட்டால் நடுக் கண்ணாடியில ஒரு கறை எழும்பி வருகுது. ஒவ்வொரு முறையும் வருகுது."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் வேலையில் குறையா? அடுத்த புதன்கிழமை போய், ஸ்பிரிட் போட்டு, பேப்பர் போட்டு, கை வலிக்கத் துடைத்தேன். ஊதி ஊதியும் பார்த்தேன். ஒரு சுவர் முழுக்க எங்கே ஊதுவது? சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஆவி மூடிய கண்ணாடி, நடுவில் தெளிவான ஒரு வட்டம். கூடவே அவர் குரல். "வீடு குளிரா இருக்கேக்க அது தெரியாது தம்பி. நாங்கள் இருக்கேக்க வந்து பாருங்கோ. நாளைக்கு இல்லை, அடுத்த ஞாயிறு வாங்கோ. ஏலாது எண்டால் சொல்லுங்கோ, நான் வேற ஆளைப் பாக்கிறன்."

அடுத்த ஞாயிறு என்றால் அவள் வருகிற ஞாயிறு. போகாவிட்டால் அந்த ரோடே கைவிட்டுப் போகும். போனால், ஒருத்தருக்குப் போனவன் எங்களுக்கு ஏன் வரமாட்டாய் என்று எல்லோரும் கேட்பார்கள். அப்புறம் எனக்கு ஞாயிறு என்று ஒன்று இருக்காது. அந்த வாரம் முழுக்க மீசைக்காரனிடம் இதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வந்து இறங்கியவள் என் மூஞ்சியைப் பார்த்ததுமே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"போகப் போறதில்ல," என்றேன்.

"நீங்க மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதப் பார்க்கவா நான் கொழும்புல இருந்து நின்னுக்கிட்டே வந்தேன்? நானும் வர்றேன். ரெண்டு பேரு செஞ்சா வெள்ளன முடிஞ்சிரும்."

காலையில் எண்ணெய் தேய்த்துத் தலையை இறுக்கிப் பின்னிக்கொண்டாள். படம் வரைய நேரமில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

அந்த வீட்டுக்குள் மனிதர்கள் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சுடுசோற்று வாசனை, ஹீட்டரின் முணுமுணுப்பு, மேசையில் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடி, வாசலில் செருப்பு. ஹால் கண்ணாடி முழுக்க உள்பக்கம் ஆவி படிந்து பால் ஊற்றின மாதிரி இருந்தது. என் மனைவி உள்ளே நின்றாள். நான் வெளியே ஈரப் புல்லில் ஏணியைப் போட்டேன். ஓரத்துக் கண்ணாடியிலிருந்து ஆரம்பித்தோம்.

அந்த ஒரு மணித்தியாலத்தை நான் எப்படிச் சொல்ல? எனக்குப் பின்னால் பனி, முன்னால் ஆவி. நடுவில் ஒரு கண்ணாடி. அவள் துணி ஒரு இழுப்பு இழுக்கும், அந்தத் தெளிவில் அவளுடைய கண்ணும் பொட்டும் மட்டும் வரும். மறு இழுப்பில் மூக்கு, வாய். என் கை வெளியே போகிற பக்கமெல்லாம் அவள் கையும் உள்ளே வரும். ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. நானும் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம், அவள் முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை. காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நரைத்ததோ தெரியவில்லை.

நடுக் கண்ணாடிக்கு வந்ததும் அவள் கை நின்றது. நானும் பார்த்தேன். என் தலை உயரத்துக்கு ஒரு வட்டம், அதற்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி, இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகள். எவனோ ஒரு விருந்தாளி கண்ணாடியில் சாய்ந்து நின்றிருக்கிறான் என்று நினைத்து, "தொடை, தொடை" என்று சைகை காட்டினேன். அவள் துடைக்கவில்லை. திரும்பி மேடத்திடம் ஏதோ கேட்டாள். மேடம் எழுந்து வந்தார். இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். எனக்கு வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. பிறகு என் மனைவி தன் கையிலிருந்த துணியை மேடத்திடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, தூங்குகிற பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல, மெதுவாக அந்த வட்டத்தைத் துடைத்தார். பிறகு கைகளை. துடைத்து முடித்து அங்கேயே வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் பனி விலகி மலை வந்துகொண்டிருக்கிறது, நான் தூண் மாதிரி அதை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு விலகினேன்.

போகும்போது டீயும் கேக்கும் தந்தார். "இனி இஞ்ச ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் தம்பி," என்றார். "வழமை மாதிரி புதன்கிழமையே வாங்கோ."

திரும்பிவரும் பஸ்ஸில் அவள் சொன்னாள். "அது அவங்க வீட்டுக்காரரோட நெத்திங்க. போன மழைக்கு முன்னாடி செத்துப்போயிட்டாராம். தலைவலித் தைலம் பூசிக்கிட்டு, பனி விலகுதான்னு அந்தக் கண்ணாடியில முட்டிக்கிட்டே நிப்பாராம். மெழுகு கலந்த தைலம், அதான் போகல. 'இங்க வந்து பாரும்'னு கூப்பிடுவாராம். அந்தம்மா குசினியில சமைச்சுக்கிட்டே, வாறன் வாறன்னு சொல்லுவாங்களாம்."

"போய்ப் பார்த்தாங்களா?"

"எப்பவாச்சும்."

"அப்புறம் ஏன் நீ தொடைக்கல?"

"என் கையால எப்படிங்க? அவங்க புருஷன்."

அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியில் தேயிலை பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது. என் ஞாயிறு எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த ஞாயிறு கையைவிட்டுப் போய்விட்டது. ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொழும்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நின்றபடியே டீ குடித்தோம். "நீங்க முன்னால போய் ரோட்டுல நில்லுங்க, பஸ் வந்தா மறிங்க. நான் பூட்டிட்டு வர்றேன்," என்றாள். மூச்சுவாங்க ஓடி வந்து ஏறினாள். கை காட்டக்கூட நேரமில்லை.

திங்கட்கிழமை விடிய நான் அடுப்பை மூட்டிக் கேத்தலை வைத்தேன். மீசைக்காரன் வந்தான், பழையவன், மங்கலாக, ஒரு பக்க மீசை மட்டும். அவனைப் பார்த்து, "இந்த வாரம் நீயும் ஏமாந்துட்ட" என்று சொன்னேன். ஆவி கூடியது. அவனுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, இன்னொன்று எழும்பி வந்தது. ஒரு சின்ன நெற்றி. ஒரு மூக்கு நுனி. இரண்டு பக்கமும் இரண்டு உள்ளங்கைகள்.

அந்த மேடம் வீட்டுக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. பயந்துபோனேன் என்றே சொல்கிறேன். கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது, இறக்கத் தோன்றவில்லை. போனை எடுத்தேன்.

அவள் வேலைக்கு நடந்துகொண்டிருந்தாள், ரோட்டுச் சத்தம் கேட்டது.

"என்ன வேல பார்த்து வச்சிட்டுப் போயிருக்க நீ?"

அவள் சிரித்தாள். "பார்த்துட்டீங்களா? நீங்க அந்த மீசைக்காரனோடயே பேசிக்கிட்டு இருக்கீங்க. பக்கத்துல நானும் நிக்கிறேனேன்னுதான். பிடிக்கலன்னா தொடைச்சிருங்க. தொழிலே அதுதானே உங்களுக்கு."

"நான் தொடைக்க மாட்டேன். நீயே வந்து தொடை."

"வாற ஞாயிறு நான் வர்ற வாரம் இல்லையே."

"அதுக்கடுத்த ஞாயிறு வா. அதுவரைக்கும் இருக்கட்டும்."

அன்றைக்குப் பத்து மணி போல, ஏரிக்கரைப் பக்கம் ஒரு புது வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரமுடியுமா என்று கேட்டார். முடியாதுங்க என்றேன். வேறு எங்கேயும் ஒத்துக்கொண்டிருக்கிறீர்களா என்றார்.

"ஆமாங்க," என்றேன். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஜன்னல் வேலை இருக்கு."