ஒரு ஆளுக்கு மீன் ஆணம்

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி ஒலித்தபோது ஜமீலா டீச்சரின் சமையல் நோட்டு என் மேசையில் திறந்தபடி இருந்தது. பேசியது அவருடைய தங்கை நஃபீசா. "அக்கா எழுந்துக்கவே இல்லண்ணே," என்றார். நான் முதலில் செய்தது, அந்தப் பக்கத்தை மூடியதுதான். ஏன் மூடினேன் என்பதை, அவரை அறிந்த நம் கல்லூரி நண்பர்களிடம் சொல்ல வேண்டும்.

மயிலாப்பூரில் நம் கல்லூரியில் அவர் மனையியல் ஆசிரியை, நான் நூலகர். ஓய்வுக்குப் பின், கையால் எழுதிய சமையல் நோட்டுகளை வீடு வீடாகப் போய் இரவல் வாங்கி வருவார். நான் பிரதி எடுப்பேன். "ருசியைத் தேடாதீங்க சார், ஆளை எண்ணுங்க," என்பார். தி. நகர் வீடு ஒன்றின் மாமியார் காலத்து நோட்டில் 'ஒன்பது பேருக்கு' என்றே வந்த அளவு, ஒரு பக்கத்திலிருந்து எட்டாகிவிட்டது. நோட்டைத் திருப்பித் தரும்போது, அப்போது வீட்டில் யார் போனது என்று மெல்லக் கேட்டார். அந்த வீட்டு அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டார். நான்கு வயதில் இறந்த நாத்தனார் ஒருத்தியைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லையாம்.

என் மனைவியின் நோட்டையும் பிரதி எடுத்தேன். பக்கந்தோறும் தேதி போடுவது அவள் வழக்கம். கடைசி நான்கு பக்கங்களில் ஒருவருக்கான அளவே இருந்தது. அடையாறு வீட்டில் அப்போது நாங்கள் இருவர். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. கைப்பிழை என்று எண்ணி எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி எழுதிவிட்டேன். டீச்சர் தேதிகளைப் பார்த்தார். அவள் திடீரென்று இறந்தது அந்தக் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் கழித்து.

"பிழை இல்ல சார். ஒண்ணுன்னே திரும்ப எழுதுங்க," என்றார். பிறகு என் ரப்பரை எடுத்துத் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். "லைப்ரேரியன் கையில இது ஆபத்து."

சென்ற மாதம் தம் நோட்டையே கொடுத்தார். ஆழ்வார்பேட்டை வீட்டில் அக்காவும் தங்கையும் மட்டும்; எல்லாம் இருவருக்கான அளவு. வியாழன் மதியம் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். மீன் ஆணம், அதாவது அவர்கள் வீட்டு மீன்குழம்பு, ஒரு ஆளுக்கு. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். என்னவென்று கேட்பது? உங்களுக்கு உடம்பு சரிதானே என்றா? நான் சரியாகத்தான் படிக்கிறேனா என்றே சந்தேகம். நாளை கேட்கலாம் என்று வைத்துவிட்டேன். கேட்டிருந்தால் சிரித்திருப்பாரோ, மருத்துவரிடம் போயிருப்பாரோ, தெரியவில்லை.

நான்காம் நாள் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்த நஃபீசா கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். "எனக்கு ஆணம் வைக்கத் தெரியாதுன்னு எவ்ளோ கேலி பண்ணுவா. புளியை எவ்ளோ நேரம் ஊற வைக்கணும்னுகூட எழுதியிருக்கா பாருங்க." சற்றுக் கழித்து, "அளவைத் தப்பா எழுதிட்டாளோ? நாங்க ரெண்டு பேராச்சே," என்றார்.

வியாழனன்று சொல்லாமல் விட்டதை அப்போதும் என்னால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. "இல்லம்மா. சரியாத்தான் எழுதியிருக்காங்க," என்றேன்.

அவர் 'ஒரு ஆளுக்கு' என்பதன்மேல் விரலை வைத்தார். பிறகு உள்ளே போய், அக்காவின் கைப்பையில் இருந்ததாகச் சொல்லி, என் பெயர் எழுதியிருந்த ரப்பரைக் கொண்டுவந்து தந்தார்.

அது இப்போது என் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் டீச்சரின் நோட்டுக்கு நான் எடுத்த பிரதி. அதில் 'ஒன்று' ஒன்றாகவே இருக்கிறது.