மத்தைப் பிடித்த மகாராணிக்கு மாரியம்மன் கொடுத்த வாய்

நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் என் தொண்டை அடைத்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்க்கும். எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. வீட்டுக்குள் ஓயாமல் பேசுகிறவள், வாசற்படியைத் தாண்டினால் ஊமை. என்னைப் போல ஒடுங்கிக் கிடக்கிற ஒருத்திக்காவது போய்ச் சேரட்டும் என்றுதான், நம் வெள்ளிக்கிழமை பூஜைக் கூட்டத்து அக்கா தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வடகரப்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பிறந்த வீடு கிணத்துக்கடவுப் பக்கம். காலையில் வண்டி கட்டினால் உச்சிப்பொழுதுக்குள் போய்விடலாம். நடுவில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதே எங்களுக்கு நினைவில் வராது. அங்கே பெண் எடுப்போம், இங்கே பெண் கொடுப்போம். எல்லை என்றால் சாலைக்குக் குறுக்கே ஒரு கட்டை, பக்கத்தில் ஒரு சோதனைச் சாவடி, அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் பெண்களுக்கென்று ஒரு மகிளா சமாஜம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பாலவாடிக் கட்டடத்தில் கூடுவோம். பாலவாடி டீச்சர் ருக்மணிக்கும் எனக்கும் ஒரே வயது. அவள்தான் அங்கே பேச்சுப் பயிற்சியை ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து ஒரு பொருளை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து, துணி மூடிய பெரிய கூடைக்குள் போட்டுவிட வேண்டும். முறை வந்தவள் பார்க்காமல் கையை விட்டு, அகப்பட்டதை எடுத்து, எழுந்து நின்று அதைப் பற்றிப் பேச வேண்டும். கையில் இருப்பதைப் பார்க்கக்கூடாது. எதிரில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். சொல்ல வந்ததைச் சொன்னதும் உட்கார்ந்துவிட வேண்டும்.

முதல் ஞாயிறு என் கைக்கு ஒரு தயிர் மத்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன்.

"அட, மத்தைப் புடிச்ச மகாராணியாட்ட நிக்கறா பாரு!" என்று யாரோ சொல்ல, கட்டடமே சிரித்தது. அந்தப் பேர் என்னோடு ஒட்டிக்கொண்டது. ருக்மணி மட்டும், "சிரிக்கறவிங்களுக்கு அடுத்த முறை. சரசு, நீ அடுத்த வாரமும் வரோணும்" என்றாள்.

போனேன். உப்புச் சாடியைப் பற்றி மூன்று வார்த்தை சொன்னேன். பிறகு அரிவாள்மனை, பழைய குடை, பல் போன சீப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு குளிர்ந்துபோகிறது. வறுத்த கடலைக்காயும் கருப்பட்டிக் காப்பியும் இருக்கும். வெளியே காற்றில் பனை ஓலை சலசலக்கும். அன்றைக்குப் பேசுகிறவளைத் தவிர எல்லோர் வாயிலும் கடலைக்காய். முருங்கைக்காயைப் பற்றிப் பேசி அத்தனை பேரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த நாளில், நான் தேறிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சமாஜத்து வார்ஷிகம் என்கிற ஆண்டு விழா வந்தது. பந்தல், மைக், பஞ்சாயத்து பிரசிடெண்டு, ஊர் ஆண்கள் எல்லோரும். எனக்கு அப்போது ஆறு மாதம். மேடை ஏறி "வணக்கம்" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. அவ்வளவுதான், தொண்டை பழையபடி அடைத்துக்கொண்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே மாரியம்மன் கோவிலுக்குப் போய் அழுதேன்.

"தாயே, பொன் கேக்கலை, பொருள் கேக்கலை. எனக்கு வாய் கொடு. கொடுத்தீன்னா உன்ற நோன்பித் திருவிழாவுல, அதே மைக்குல, உன்ற பெருமையைப் பேசறேன்" என்று வேண்டிக்கொண்டேன். அம்மன் எனக்கு என்ன பதில் சொன்னாள் என்று அன்றைக்குத் தெரியவில்லை. பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்விட்டேன். ஆண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் மாதம் என்னை அழைத்துவர என் வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அது எமர்ஜென்சிக்கு முந்தைய வருடம், மாசி மாதம். எங்கள் ஊரில் மாரியம்மன் நோன்பிக்குக் கம்பம் நட்டு, திருவிழா அறிவிப்பான சாட்டும் போட்டாயிற்று. சாட்டு விழுந்துவிட்டால் ஊர்க்காரர் யாரும் ராத்திரி வெளியூரில் தங்கக்கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். அதிலும் அவர் கையில் காப்புக் கட்டியிருந்தார். என் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் பூவோடு எடுப்பதாக, அதாவது கையில் தீச்சட்டி ஏந்துவதாக, அவருக்கு ஒரு வேண்டுதல்.

அம்மா சீர் வைத்து அனுப்பினாள். தொட்டில், புதுச்சேலை, வெல்லம், ஒரு மூட்டை அரிசி. அது அரிசிப் பஞ்ச காலம். எல்லை தாண்டி அரிசி கொண்டுபோக பர்மிட் வேண்டும், இல்லையென்றால் கடத்தல் கேஸ். இது ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் சீர் அரிசியை அரிசி என்று யார் நினைத்தார்கள்? எங்கள் பக்கத்து ஜனங்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

சாவடியில் வண்டியை மறித்தார்கள். "அரிசி எங்கே போகுது?" என்று கேட்டார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் சந்தையில் மாட்டுத் தரகனையே பேச்சில் மடக்குகிறவர். அந்தத் தெம்பில், "எங்க மாமியா ஊட்டு அரிசிக்கு நீ யாரு கணக்குக் கேக்கறதுக்கு?" என்று எகிறிவிட்டார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை ஆனது. வண்டியும் மாடும் ஜப்தி, ஆள் இன்றைக்கு ராத்திரி ஸ்டேஷனில் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பைக் கூப்பிட்டார். லாரிக்காரர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். கையில் காப்போடு மனுஷன் ஸ்டேஷனில் ராத்தங்கினால் வேண்டுதல் போயிற்று. சாட்டு மீறின குற்றம் வேறு. என் குழந்தைக்காக வேண்டிக்கொண்டது என் குழந்தைக்கே வினையாகிவிடுமோ என்று பயந்தேன்.

"தாயே, இப்பக் கொடு. இனிமேல் கொடுத்து என்ன?" என்று மனசுக்குள் கத்தினேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினேன். லாரிக்காரர்களைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்க்கவில்லை. அதிகாரியின் முகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பாலவாடிக் கட்டடத்தில் ருக்மணி முகத்தைப் பிடித்துக்கொள்வேனே, அதே மாதிரி.

"ஐயா, வணக்கமுங்க. இவரு பேசினது தப்புங்க, மன்னிச்சுக்கோங்க. இது எங்கம்மா ஊட்டுச் சீருங்க. தலைப்பிள்ளை பெத்து மூணாம் மாசம் புருசன் ஊட்டுக்குப் போறனுங்க. விக்கறதுக்குக் கொண்டு போறவன் மூட்டைக்கு மஞ்சத் தடவிக் குங்குமம் வெப்பானுங்களா? என்ற பேச்சை நம்ப வேண்டாமுங்க, மூட்டையைப் பிரிங்க. சீர் அரிசிக்குள்ள, கொழந்தைக்குப் பாலூட்டற சங்கை மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சு அனுப்பறது எங்கம்மா ஊட்டு வழக்கமுங்க. அது இல்லீன்னா இவரைக் கூட்டிட்டுப் போங்க. இருந்துச்சுன்னா உட்டுருங்க. பொழுதுக்குள்ள காப்போட ஊர் சேரோணுமுங்க."

சொல்ல வந்ததைச் சொன்னேன், நிறுத்தினேன். ஒரு இடத்திலும் தட்டவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. சங்கை அம்மா மூட்டைக்குள் வைத்ததை நான் பார்க்கவே இல்லை. அன்று காலையில் அவள் இருந்த பரபரப்பில் அடுப்பில் வைத்த பாலையே மறந்து பொங்கவிட்டவள்.

அதிகாரி தையலைப் பிரிக்கச் சொல்லி, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். இந்தப் பக்கம் துழாவினார், அந்தப் பக்கம் துழாவினார். ஒன்றும் இல்லை. "என்னம்மா, கதை விடுறியா?" என்றார். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். மத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று கேட்ட அதே சிரிப்பு. பழைய சரசுவாக இருந்தால் முந்தானையால் முகத்தை மூடியிருப்பேன். வாய் கொடுத்தவள் கூடவே நிற்கிறாள் என்று ஒரு தைரியம்.

"கையுட்டுப் பாத்தாப் போதாதுங்க. கொட்டிப் பாருங்க" என்றேன். அம்மா கொடுத்த புதுச்சேலையைத் தரையில் விரித்துவிட்டேன்.

கொட்டினார்கள். அரிசி சரிந்துகொண்டே இருந்தது. மூட்டை இளைத்து, சுருங்கி, கடைசிப் பிடி அரிசியோடு ஒரு மஞ்சள் முடிச்சு வந்து விழுந்தது. அவிழ்த்தால் வெண்கலச் சங்கு. எனக்குக் கண்ணீர் கொட்டியது.

அதிகாரி அதைத் துடைத்து என் பிள்ளையின் கையில் கொடுத்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இதை முன்னாலயே சொல்றதுக்கு என்னய்யா?" என்றார்.

"எனக்கே இப்பத்தானுங்க தெரியும்" என்றார் இவர். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இனி பர்மிட் இல்லாமல் ஒரு படி கொண்டுவந்தாலும் விடமாட்டேன் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்.

வழியெல்லாம் இவர் மாட்டைத் தட்டி விரட்டிக்கொண்டே வந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும்தான், "அம்மிணி, இத்தனை நாளா இந்த வாயை எங்க வெச்சிருந்தே?" என்றார்.

"சமாஜத்துக் கூடைக்குள்ளதானுங்க" என்றேன். கோவிலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நோன்பியன்று இவர் பூவோடு எடுத்தார். அன்று சாயங்காலம் நான் மைக் முன்னால் நின்றேன். அது கீச்சென்று கத்தியது. கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, கையில் அந்தச் சங்கைப் பிடித்துக்கொண்டு என் வேண்டுதலைத் தீர்த்தேன். முன் வரிசையில் ருக்மணி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைத்தான் பிடித்துக்கொண்டு பேசினேன். அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறிவிட்டேன், சமாஜத்துக்குச் செகரட்டரியாகவும் இருந்தேன். இன்று ருக்மணி இல்லை, அந்தக் கூடையும் இல்லை. ஆனாலும் எந்த மேடையில் நின்றாலும் அவள் முகத்தைத்தான் தேடுகிறேன்.

நோன்பிக்கு வந்திருந்த அம்மாவிடம் சாவடிக் கதையைச் சொன்னபோது அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ கண்ணு, நான் சங்கை வெக்க மறந்துட்டனே! கோணி ஊசி போட்டு மூட்டையைத் தெச்சு, மஞ்சளும் தடவியாச்சு. வண்டி பூட்டற நேரத்துக்கு உன்ற பையன் விக்கினான் பாரு, அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. மஞ்சளைக் கலைக்க மனசு வரலை. மூட்டையைத் தலைகீழாப் புரட்டி, அடித் தையலைப் பிரிச்சுச் சொருகி உட்டேன்."

அதனால்தான் சங்கு அடியில் இருந்தது. நான் சாவடியில் நின்று கதறியது பொழுது சாய்கிற நேரம். மாரியம்மன் என் பிள்ளைக்கு விக்கல் கொடுத்து, என் அம்மாவுக்கு நினைவு கொடுத்தது உச்சிப்பொழுதில். நான் கேட்பதற்கு முன்பே தாய் கொடுத்துவிட்டாள். வாயும் அப்படித்தான். கோவிலில் அழுத அன்றைக்கே அது என்னிடம் இருந்தது. ஞாயிறு ஞாயிறாக அதை எனக்குள் போட்டு வைத்தவளும் அவளேதான்.

எழுந்து நிற்கப் பயப்படுகிற தங்கச்சிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். அவளை நினைத்துக்கொண்டு கூடைக்குள் கையை விடுங்கள். மேலே தட்டுப்படவில்லை என்று கையை எடுத்துவிடாதீர்கள். அடியில் இருக்கும்.