சிவப்புப் பட்டன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் இது கட்டுக்கதை இல்லை. இதை எனக்குச் சொன்னவர் யோகலட்சுமி அக்கா. பொய் சொல்லத் தெரியாதவர். தான் வைத்த மீன் குழம்பு நன்றாக இல்லை என்றால் அதையும் அவரே முதலில் சொல்லிவிடுவார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஜார்ஜ் டவுனில், கடலோர ஹோட்டல் ஒன்றில், முந்நூறு பேர் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. வருடம் 1996.

அக்காவின் கணவர் சற்குணம். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் அதிகாரி. நல்ல மனிதர்தான். கார் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. அந்த வருடம்தான் ஜப்பானில் ஓடி, புதுப்பித்து இங்கே இறக்கிய ரீகான் கார் ஒன்றை வாங்கியிருந்தார். சாவி போடாமலே கதவு திறக்கும் கார். செபராங் ஜெயாவில் அவர் தெருவில் அப்படி ஒரு கார் வேறு யாரிடமும் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட். பச்சைப் பட்டனை அமுக்கினால் 'பீப் பீப்' என்று திறக்கும். சிவப்பை அமுக்கினால் ஒரே ஒரு 'பீப்', பூட்டிக்கொள்ளும். பூட்டிய கார் கொஞ்சம் ஆடினாலே அலாரம் அடிக்கும்; அதே சிவப்புப் பட்டன்தான் அதை அடக்கும். அப்போதும் கதவு பூட்டியபடியே இருக்கும்.

"பூட்டிட்டா உள்ள இருக்கிறவனும் தொறக்க முடியாது லா. சாவி இல்லாம கண்ணாடி எறங்காது, ஹாரன்கூட அடிக்காது. திருடன் உள்ள பூந்தா மாட்டிக்கிட்டான்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பார். கண்ணாடிகளில் கன்னங்கரேலென்று ஃபிலிம் வேறு ஒட்டியிருந்தார். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தால் நம் முகம்தான் தெரியும்.

அன்று அவருடைய நண்பர் கனகசுந்தரத்தின் மகளுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். ஹோட்டல் வாசலில் விருந்தாளிகளின் காரை வாங்கி நிறுத்த இரண்டு ஜோக்கிகள் நின்றார்கள். ஒருவர் முகம்மது. மற்றவர் பக்கிரிசாமி. ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்த வெயிலிலும் சிவப்புக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

சற்குணம் சாவியைக் கொடுத்தார். ரிமோட்டைக் கொடுக்கவில்லை.

"சார், ரிமோட்டும் தாங்க. இல்லாட்டி பூட்ட முடியாது."

"அது என்கிட்டயே இருக்கட்டும் அண்ணே. நீங்க நிறுத்திட்டு எறங்குங்க. நான் இங்கருந்தே பூட்டிக்கிறேன்."

பக்கிரிசாமி சிரித்தார். "பயப்படாதீங்க சார். இருபது வருசமா ஊரார் காரத்தான் ஓட்டுறேன். எனக்குன்னு இருக்கிறது ஒரு சைக்கிள்."

காரை அழகாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். இறங்கினார். சற்குணம் வாசலிலிருந்தே சிவப்பை அமுக்கினார். பீப். சாவி ஜோக்கிகளின் பலகையில் போய்த் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

மாடியில் மண்டபம். ஜன்னல் ஓரமாகப் பார்த்து உட்கார்ந்தார். கீழே கார் தெரிய வேண்டுமே. உட்கார்ந்ததும் அக்கா கேட்டார்:

"என்னங்க, குத்துவெளக்குப் பெட்டி எங்க?"

கல்யாணப் பரிசு. பின்சீட்டில் விட்டுவிட்டார்கள். சற்குணம் மறுபடி கீழே இறங்கினார். பக்கிரிசாமியிடம் சொன்னார்: "பின்சீட்ல ஒரு பெட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க அண்ணே. சாவி வேணாம். கதவ நான் மேல ஜன்னல்லருந்து தொறந்து விடுறேன்."

சாவி வேண்டாம் என்று ஏன் சொன்னார்? சாவி இருந்தால் ஓட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்ற சந்தேகம். வேறு ஒன்றுமில்லை.

மேலே வந்து பச்சையை அமுக்கினார். பீப் பீப். பக்கிரிசாமி பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். பெட்டி முன்சீட்டுக்கு அடியில் சரிந்திருக்க வேண்டும். முழு ஆளாக உள்ளே ஏறினார். அந்த நேரம் பக்கத்து இடத்தில் முகம்மது ஒரு வேனைக் கொண்டுவந்து சொருகினார். அதற்கு வழிவிட, பக்கிரிசாமி உள்ளிருந்தே கதவை இழுத்துச் சாத்தினார்.

"சற்குணம், வாங்க, போட்டோ," என்று கனகசுந்தரம் கூப்பிட்டார். சற்குணம் திரும்பிப் போய் நின்றுவிட்டு வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. ஆள் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார் போல.

பக்கிரிசாமி வெளியே வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் சிவப்பை அமுக்கினார்.

பீப்.

சோறு வந்தது. சாம்பார் வந்தது. பெட்டி மட்டும் வரவில்லை; நேரே கல்யாண வீட்டாரிடம் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். கீழே அலாரம் அலறியது. அவருடைய கார்தான். மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சிவப்பை அமுக்கினார். நின்றது.

"போய்ப் பாருங்களேன்," என்றார் அக்கா.

"பூனை ஏதாவது ஏறியிருக்கும்."

ரசம் வந்தது. மறுபடி அலறியது. மறுபடி அமுக்கினார்.

பாயசம் வந்தபோது மூன்றாம் தடவை. இந்தத் தடவை அவர் உடனே அமுக்கவில்லை. கையில் ரிமோட் இருந்தது. ஏனோ பின்கழுத்தில் அனல் அடித்தது. சட்டைத் தோளில் ஒரு சொட்டு நீர் விழுந்தது. ஏர்கோன் ஒழுகுகிறது என்று நினைத்தார். அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். அமுக்கினார்.

அதன் பிறகு அலாரம் அடிக்கவே இல்லை.

மூன்று மணிக்குக் கீழே வந்து, கார் நிறுத்தியதற்கான சீட்டைக் கொடுத்தார். முகம்மது சாவியோடு காரிடம் போனார். சற்குணம் பச்சையை அமுக்கினார். முகம்மது கதவைத் திறந்தார். உடனே இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்சீட்டில் பக்கிரிசாமி. சிவப்புக் கோட்டு கழுத்துவரை பொத்தான் போட்டபடி. உயிர் இல்லை.

கூட்டம் கூடியது. ஹோட்டல் மேனேஜர் வந்தார். போலீசும் வந்தது. மேனேஜர் சற்குணத்திடம் கேட்டார்: "இவர நீங்க ஏதும் வேலையா அனுப்பினீங்களா சார்?"

அக்கா கணவரைப் பார்த்தார். சற்குணம் தரையைப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "கொஞ்ச நேரம் பூட்டாம விட்டுட்டேன். அப்ப ஏறியிருப்பாரு."

அவ்வளவுதான். பக்கிரிசாமிக்கு ஏற்கெனவே இருதயக் கோளாறு இருந்ததாம். வேலை நேரத்தில் விருந்தாளியின் காரில் ஏறிப் படுத்துத் தூங்கியவர் என்று முடிவாகிவிட்டது. வேலையில் இருக்கும்போது சாகவில்லை என்பதால் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி உதவி கிடைக்காது என்று அவர் மனைவி வள்ளியம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். "அவரு அப்பிடித் தூங்குற ஆள் இல்லங்க," என்று அந்த அம்மாள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெட்டி? அன்று சாயங்காலம் சற்குணம் கார் முழுக்கத் தேடினார். இல்லை. கூட்டத்தில் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தார். உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட. பெட்டி இல்லை என்றால் அனுப்பியதற்குச் சாட்சியும் இல்லை. அப்படி நிம்மதிப்பட்டதை நினைத்து அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் அது ஆரம்பித்தது.

தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அலாரம். வெளியே வந்து பார்த்தார். காருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. சிவப்பை அமுக்கினார். நின்றது.

மறுநாளும் அதே நேரம்.

அதற்கு மறுநாளும்.

பின்கண்ணாடியின் உள்பக்கம் ஒரு கைத்தடம் இருந்தது. ஈரமாக. துடைத்தார். மறுநாள் மறுபடி இருந்தது. அதே இடத்தில்.

ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டார். மத்தியானம் கார் தானாகவே 'பீப்' என்றது. பூட்டும் சத்தம்.

அலாரத்தையே பிடுங்கிவிடச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "இது எப்பயோ எரிஞ்சு போச்சே சார். இதுல எப்பிடிச் சத்தம் வரும்?" என்றார்.

சற்குணம் காரில் ஏறினார். கதவைச் சாத்தினார்.

பீப்.

சாவியைத் திருகினார். ஒன்றும் ஓடவில்லை. கதவை இழுத்தார். திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. வெளியே இரண்டடி தூரத்தில் கடைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சற்குணம் கத்தினார். கண்ணாடியைக் குத்தினார். கடைக்காரர் திரும்பினார். கறுப்புக் கண்ணாடியில் தன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வெயில்.

மூச்சு முட்டியது...

பின்சீட்டின் ஸ்பிரிங் முனகியது. யாரோ நகர்ந்து உட்காருகிற மாதிரி.

டொக்... டொக்...

முன்சீட்டின் முதுகில், இரண்டு விரலால், மரியாதையாக.

"சார்... பெட்டிய எடுத்துட்டேன் சார்."

பீப் பீப்.

கதவு திறந்துகொண்டது. சற்குணம் தார்ரோட்டில் விழுந்தார். வேட்டியாக இருந்திருந்தால் மானமே போயிருக்கும் என்று அக்கா இதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

மறுநாள் காலையில் சற்குணம் ஹோட்டலுக்குப் போனார். "நான்தான் அவர அனுப்பினேன். உள்ள இருக்கிறது தெரியாம நான்தான் பூட்டினேன்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போலீசிலும் சொன்னார். வழக்கு, விசாரணை என்று அலைச்சல்தான். ஆனால் வள்ளியம்மாவுக்குச் சொக்சோ உதவி கிடைத்தது. தூங்கினவர் என்ற பேரும் போனது. அலாரமும் அடங்கியது. கைத்தடமும் வரவில்லை.

தலையிலிருந்து பாரம் இறங்கியது என்றார் சற்குணம். ஆனால் ஒன்றை மட்டும் அவர் எழுதவில்லை. அலாரம் மூன்று தடவை அடித்ததையும், மூன்று தடவையும் தான் அதை அடக்கியதையும். யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அலாரத்தைக் கேட்டவர்கள் பலர்; அது எதற்காக அடித்தது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும் என்று நினைத்தார். அவருக்கும் அக்காவுக்கும்.

கனகசுந்தரம் குடும்பம் கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை ஊரான ஈப்போவுக்குப் போய்ச் சில மாதம் தங்கிவிட்டது; ஹோட்டலில் நடந்த சாவு அவர்கள் காதுக்கு எட்டவில்லை. திரும்பி வந்தது தெரிந்ததும், ஒரு சாயங்காலம் இருவரும் புதிதாக வாங்கிய குத்துவிளக்கோடு அவர் வீட்டுக்குப் போனார்கள். காரை வாசலில் நிறுத்தினார்கள்.

கனகசுந்தரம் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்கு ரெண்டாவது? நீங்க குடுத்ததுதான் ஏற்கனவே சாமி மேடையில இருக்கே."

இருந்தது. அதே விளக்கு. அக்கா கடையில் பெயர் பொறிக்கச் சொல்லி வாங்கியது.

"இது... யாரு குடுத்தா?"

"ஒங்க ஜோக்கிதான். செவப்புக் கோட்டு. பாவம், தலையிலருந்து கால் வரைக்கும் வேர்வை. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கன்னேன். இல்லைங்க, சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்னாரு."

சற்குணம் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப?" என்று அக்காதான் கேட்டார்.

"பாயசம் போடுறப்ப. அந்த நேரந்தான் ஒங்க கார் மூணாந்தடவையா கத்துச்சு, ஞாபகம் இல்ல? ஒங்க நாற்காலிக்குப் பின்னாலயே வந்து நின்னாரே, சற்குணம். ரொம்ப நேரம் நின்னாரு. ஒங்க கையில இருந்ததையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நின்னாரு. நீங்க திரும்பவே இல்ல."

"அப்புறம்?"

"நீங்க பட்டன அமுக்குனீங்க. சத்தம் நின்னுச்சு. நான் மறுபடி பாக்கிறேன்... ஆளக் காணோம்."

வாசலில் அலாரம் அடிக்க ஆரம்பித்தது.

கம்பி எரிந்துபோன அலாரம்தான். கனகசுந்தரம் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். "சற்குணம், நிறுத்துங்க லா," என்றார் கனகசுந்தரம்.

சற்குணம் ரிமோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தொடவில்லை. கண்ணில் நீர் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தார். அது தானாக ஓயும்வரை அவரும் அக்காவும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.