சின்னமுத்துவுக்கு விழுந்த கறுப்புக் கொட்டை

புளியங்கொட்டையைக் கருங்கல்லில் வைத்துப் பரபரவென்று தேய்த்து, சூடு ஆறுவதற்குள் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்தால் சுரீரென்று சுடும். பாடாலூரில் வளர்ந்த எங்களுக்கு அதன் பேர் "சூட்டுக்கொட்டை". சுட்ட இடம் கொஞ்ச நேரம் சிவந்திருந்துவிட்டு மறைந்துவிடும். குணா எனக்கு வைத்த சூடு மட்டும் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

குணா எதிர் வீட்டுக்காரன், எனக்கு ஒரு வகுப்பு மூத்தவன். அவன், நான், பாபு, ரஃபீக் நான்கு பேரும் கோடை விடுமுறையில் "புக் கிரிக்கெட்" ஆடுவோம். கண்ணை மூடிக்கொண்டு பாடப்புத்தகத்தை விரிக்க வேண்டும். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம். ஆறு வந்தால் சிக்சர், சைபர் வந்தால் அவுட். மற்ற பிள்ளைகள் டிவியில் பார்த்த ஆட்டக்காரர்களின் பேரை வைத்துக்கொண்டு ஆடியபோது, நாங்கள் ஆட்களையே புதிதாக உண்டாக்கி, ஆளுக்கு ஓர் அணியாக லீக் நடத்திக்கொண்டிருந்தோம். என் அணியின் முதல் ஆள் சின்னமுத்து. சொந்த ஊர் அரும்பாவூர், இடது கை ஆட்டக்காரர், ஆட்டம் இல்லாத நாளில் வெங்காயக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, கத்தரிக்காயைத் தொடமாட்டார். இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆனாலும் என் சித்தப்பாவைப் பற்றித் தெரிந்ததைவிட அவரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியும்.

ஒரு கோடை முடிந்தால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஐந்து வயது கூடிவிடும் என்று சட்டம் வைத்திருந்தோம். அதனால் சீக்கிரமே ஓய்வு பெற்றுவிடுவார்கள். அவர்களில் பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் "புகழ்ச்சுவரில்" இடம். ரஃபீக் வீட்டுச் சோளக்காட்டில் இருந்த மோட்டார் ரூமின் பின்சுவர்தான் அது. பழைய பேட்டரியை உடைத்து எடுத்த கரிக்குச்சியால் பேரை எழுதுவோம். ஒருநாள் தண்ணீர் திருப்ப வந்த ரஃபீக்கின் அத்தா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஏன்டா, இவங்கள்ல நம்ம வார்டுக்கு நிக்கிறது யாரு?" என்று கேட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு அது அத்தனை பெரிய விஷயம்.

யார் சுவரில் ஏறுவது என்பதைக் கொட்டைதான் முடிவு செய்யும். ஆளுக்கு இரண்டு புளியங்கொட்டை. ஒன்று வெள்ளை தெரியும்வரை தேய்த்தது, மற்றது தேய்க்காத கறுப்பு. வேண்டும் என்பவர் வெள்ளையையும் வேண்டாம் என்பவர் கறுப்பையும் மூடிய கையோடு ரஃபீக்கின் டிபன் பாக்ஸுக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தைக் காட்டில் எறிந்துவிட வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அந்த ஆள் சுவரில் ஏற முடியாது.

குணாவின் "இடி இளங்கோ" முந்தின கோடையிலேயே நான்கு வெள்ளையோடு சுவரில் ஏறியிருந்தார். நானும் வெள்ளைதான் போட்டேன். என் சின்னமுத்து அவரைவிட அதிக ஓட்டம் எடுத்து ஓய்வு பெற்றபோது, சுவரில் எந்த இடத்தில் எழுதுவது என்றுகூட நான் பார்த்து வைத்துவிட்டேன். ஓட்டுப் போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் குணா எழுந்து நின்று என்னைக் கை காட்டினான்.

"இவ புக்கு பழகுன புக்குடா. எப்பத் தொறந்தாலும் நூத்தியாறுலதான் வந்து நிக்கிது. அதான் சிக்சரா அடிச்சிருக்கான் அந்தாளு."

புத்தகத்தை வாங்கி, அதன் முதுகு தரையில் படும்படி நிறுத்திக் கையை எடுத்துக் காட்டினான். அது நூற்றியாறில்தான் விரிந்தது. அந்த அறிவியல் புத்தகம் அவனுடையது. அவன் அடுத்த வகுப்புக்குப் போனதும் அவன் அம்மா என் அம்மாவிடம் கொடுத்தது. என் கைக்கு வந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் விரிந்தது, நான் அதை என் ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இடி இளங்கோ அடித்த சிக்சர்களெல்லாம் இதே புத்தகத்தில் பிறந்தவை.

"அது உன் புக்குதானடா!" என்று கத்தினேன்.

"எங்கிட்ட இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. உங்க வூட்டுக்கு வந்தப்புறம்தான் முதுகு ஒடஞ்சிருக்கு" என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்படியானால் இளங்கோவின் பேரையும் அழி என்றேன். பாபு தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரஃபீக் என் பக்கம் திரும்பி, "வுடு தேனு, விளையாட்டுதான" என்றான். டிபன் பாக்ஸைத் திறந்தால் மூன்று வெள்ளை, ஒரு கறுப்பு. அன்று வீட்டுக்குப் போய் அழுததற்கு அம்மாவும் அதையேதான் சொன்னாள்: "விளையாட்டுக்குப் போயி இந்த அழுவ அழுவுறியே." பொய் சொன்னவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கோடைக்குள் குணாவின் குடும்பம் அரியலூருக்குக் குடிபோய்விட்டது, லீக்கும் அத்தோடு நின்றது.

நான் இப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நூலகர். புத்தகத்தின் முதுகு எங்கே ஒடிந்திருக்கிறது என்பது கையில் எடுத்தாலே எனக்குத் தெரியும். வேண்டுமென்றே ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப அழுத்தினால்தான் அப்படி ஒடியும்; அப்படி ஒரு புத்தகம் திரும்பி வரும்போதெல்லாம் குணாவின் முகம்தான் ஞாபகம் வருகிறது. நன்றாகத் திட்டிக்கொள்வேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் பாபு, சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் நான்கு பேரையும் ஒரு குரூப்பில் சேர்த்து, லீக்கை செல்போனுக்குள் கொண்டுவந்தான். பழைய ஆட்கள் அத்தனை பேரும் அதில் இருக்கிறார்கள், ஆட்டத்தை அதுவே நடத்திக்கொள்கிறது, பொங்கலுக்குப் பொங்கல் புகழ்ச்சுவருக்கு ஓட்டு. வெள்ளைப் பொத்தான், கறுப்புப் பொத்தான். யார் எதை அழுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இடி இளங்கோ அங்கும் முதல் ஆளாக நிற்கிறார். சின்னமுத்துவுக்கு வருடாவருடம் ஒரு கறுப்பு விழும். குணாவின் புது நட்சத்திரம் "புயல் பாண்டியன்", அவருக்கும் வருடாவருடம் ஒரு கறுப்பு விழும். அது என்னுடையது. அதை அழுத்தும்போது கிடைக்கும் சுகம் பொங்கலிலும் கிடைக்காது, கரும்பிலும் கிடைக்காது.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் குணாவே போன் செய்தான். அரியலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான், பேச்சில் வியாபாரக் குழைவு வந்திருக்கிறது.

"தேனு, நல்லாருக்கியா? பாண்டியன் ஏன் இன்னும் ஏறலன்னு எம் பொண்ணு தெனமும் கேக்குது. நான் சின்னமுத்துக்கு வெள்ள போட்டுடறேன், நீ பாண்டியனுக்குப் போட்டுடு. பழசெல்லாம் இதோட போவட்டும்."

"போட்டுடறேன். அந்தப் புக்க ஒடச்சது யாருன்னு குரூப்புல ஒரே ஒரு வரி எழுதிடு."

அவன் சிரித்தான். "அதெல்லாம் இப்ப எதுக்கு? விளையாட்டுதான."

நாற்கர சாலை போட்டபோது பாடாலூரில் எங்களுக்குக் கொட்டை கொடுத்த புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். மோட்டார் ரூம் இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கும் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கரிக்குச்சிப் பேர்களெல்லாம் இடித்த செங்கல்லோடு எந்தப் பள்ளத்தை நிரப்பினவோ தெரியாது. அந்த "விளையாட்டுதான" மட்டும் அப்படியே இருந்தது.

பொங்கலன்று காலை செல்போனில் ஓட்டுப் பக்கத்தைத் திறந்தேன். பாண்டியனுக்குக் கறுப்பை அழுத்தினேன். அடுத்து சின்னமுத்துவின் பேர் வந்தது. குணா சொன்ன சொல்லைக் காப்பாற்றுவான், இந்த முறை எல்லாம் வெள்ளையாகத்தான் விழும் என்று எனக்குத் தெரியும். புருவத்துத் தழும்போடு அவர் காத்திருப்பது போலவே இருந்தது. மனதுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவருக்கும் கறுப்பையே அழுத்தினேன்.

சின்னமுத்துவுக்கு வழக்கம்போல ஒரே ஒரு கறுப்போடு முடிவு வந்ததும் குரூப்பில் பாபு, "ஏன்டா குணா, இத்தன வருசம் ஆச்சு, இன்னுமாடா?" என்று எழுதினான். "சத்தியமா நான் இல்லடா, நான் வெள்ளதான் போட்டேன்" என்றான் குணா. "ஆமா, நம்பிட்டோம்" என்றான் ரஃபீக். குணா தன் பெண்ணின் மேல் சத்தியம் செய்தான், கோபப்பட்டான், கடைசியில் கெஞ்சினான். ஒருவரும் நம்பவில்லை.

எல்லாவற்றையும் நிதானமாக ஒருமுறை படித்துவிட்டு நானும் ஒரு வரி எழுதினேன்: "வுடு குணா, விளையாட்டுதான."